கவுண்டியால் தடை போட முடியாது, ஆனால் வண்டியை நிறுத்த முடியும்

வாசகர் கேள்வி: வணக்கம் ஐயா. வர்ஜீனியாவில் ஒரு கிராமப்புறக் கவுண்டியில் ஐந்து ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்கிக் குடியிருக்கிறோம். குடிப்பது சொந்தக் கிணற்றுத் தண்ணீர். பக்கத்தில் ஒரு பெரியவர் மாட்டுத் தீவனப் புல் போட்டிருக்கிறார். அவர் வயலோரத்தில் திடீரென்று ஒரு போர்டு முளைத்திருக்கிறது. நகரத்துக் கழிவுநீர் நிலையத்திலிருந்து பதப்படுத்திய கசடைக் கொண்டுவந்து உரமாக இறைக்கப் போகிறார்களாம். என் மகனுக்கு ஆஸ்துமா. இதற்குக் கவுண்டி தடை போட வேண்டும் என்று எங்கள் சாலையில் ஒருவர் வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறார். கவுண்டிக் கூட்டத்தில் பேச மூன்று நிமிடம் கிடைக்குமாம். கவுண்டியால் இதைத் தடுக்க முடியுமா? இதில் உண்மையிலேயே ஆபத்து உண்டா, வெறும் நாற்றம்தானா? நான் என்ன பேசுவது? இதே சரக்கைக் கடையில் மூட்டையாக விற்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார். அதை வீட்டுத் தோட்டத்துக்குப் போடலாமா?

பதில்:

கூட்டத்தில் என்ன பேசுவது என்பதை அப்புறம் பார்ப்போம். அதற்கு முன் அவசரமாக ஒரு வேலை இருக்கிறது. மகனைப் பார்க்கும் டாக்டரை உடனே கூப்பிடுங்கள். வர்ஜீனியா விதிப்படி, ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 200 அடிக்குள் கசடு இறைக்கக் கூடாது. வீட்டில் இருப்பவரின் உடல்நிலையைக் காட்டி டாக்டர் கையெழுத்திட்ட கோரிக்கை போனால் அந்த இடைவெளியை 400 அடி வரை நீட்ட வழி இருக்கிறது. அந்தக் கோரிக்கை மாநிலச் சுற்றுச்சூழல் துறைக்கு, அதாவது டி.இ.க்யூ.வுக்கு, கசடு இறைப்பதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும். போர்டு வைத்துவிட்டார்கள் என்றால் கையில் இருப்பது சில நாட்கள்தான். அந்த போர்டில் உரிமம் வைத்திருக்கும் நிறுவனத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். அதைப் போட்டோ எடுத்து வையுங்கள், நிறுவனத்துக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். சும்மா இருப்பவர் வீட்டுக்காக யாரும் தானாக 400 அடி விடமாட்டார்கள்.

கையோடு கிணற்றுத் தண்ணீரையும் சோதித்துவிடுங்கள். கசடு விழுவதற்கு முன்னால் எடுத்த அளவு கையில் இல்லையென்றால் பின்னால் எது வந்தாலும் நிரூபிக்க முடியாது. 'உங்கள் செப்டிக் டேங்கிலிருந்து வந்திருக்கும்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நைட்ரேட், கோலிபார்ம் என்ற பாக்டீரியா இரண்டையும் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவு வீட்டுக் கிணறுகளுக்கென்றே நடத்தும் திட்டத்தில் குறைந்த செலவில் பார்த்துக்கொள்ளலாம். பிஃபாஸ் என்ற வேதிப்பொருட்களைப் பார்க்க அதற்கென்று சான்று பெற்ற ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். சில நூறு டாலர் ஆகும். பணம் இடித்தால் மற்றதைத் தள்ளிப்போட்டு இதற்குச் செலவு செய்யுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

இனி உங்கள் முதல் கேள்வி. கழிவுநீர் நிலையங்களில் கசடுப் பிரிவைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு, ஆகவே என் பேச்சில் தொழில்காரன் சாய்வு கொஞ்சம் இருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். நான் வக்கீலும் இல்லை. ஆனால் இந்தத் தடை விவகாரம் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

உங்கள் கவுண்டியால் தடை போட முடியாது. போட்டாலும் நிற்காது. உங்கள் மாநிலத்திலேயே அமீலியா கவுண்டி போட்டுப் பார்த்தது. மாநிலம் உரிமம் கொடுத்து அனுமதிக்கிற ஒன்றைக் கவுண்டி ஒரேயடியாகத் தடுக்க முடியாது என்று 2001-ல் வர்ஜீனியா உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்து அப்பமேட்டாக்ஸ் கவுண்டி வேறு விதமாக, கடுமையான நிபந்தனைகளோடு சட்டம் போட்டது. விவசாயிகளே வழக்குப் போட்டார்கள். 2002-ல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்தச் சட்டத்துக்குத் தடை கொடுத்தது, அடுத்த வருடம் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. வர்ஜீனியாவில் டில்லன் விதி என்று ஒன்று உண்டு. மாநிலச் சட்டமன்றம் கையில் கொடுத்த அதிகாரம்தான் கவுண்டிக்கு, அதற்கு மேல் ஒரு துளியும் கிடையாது. 'கூட்டாட்சியின் தூய நீர்ச் சட்டத்திலேயே கசடை என்ன செய்வது என்பது உள்ளூர் முடிவு என்று எழுதியிருக்கிறதே' என்று கையெழுத்து வாங்குகிறவர் சொல்லக்கூடும். அந்தச் சட்டத்தின் 405-வது பிரிவில் அப்படி ஒரு வரி இருப்பது உண்மைதான். அதற்கான கூட்டாட்சி விதியும் மாநிலமோ உள்ளாட்சியோ இன்னும் கடுமையாகப் போகலாம் என்று கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. ஆனால் கதவைத் திறந்து வைப்பது வேறு, உள்ளே நுழைய அதிகாரம் கொடுப்பது வேறு. அந்த அதிகாரம் வாஷிங்டனிலிருந்து வராது, மாநிலத் தலைநகர் ரிச்மண்டிலிருந்துதான் வர வேண்டும்.

மற்ற மாநிலங்களிலும் பெரும்பாலும் இதே கதைதான். கலிபோர்னியாவின் கெர்ன் கவுண்டியைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கத்தில் ஏறத்தாழ 4,700 ஏக்கர் பண்ணையை விலைக்கே வாங்கி, அதில் தன் கசடைப் போட்டுக்கொண்டிருந்தது. 2006 ஜூனில் கெர்ன் மக்கள் பெரும் பெரும்பான்மையில் வாக்களித்துத் தடை கொண்டுவந்தார்கள். வழக்கு கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஆரம்பித்து, மேலே போய், திரும்பி மாநில நீதிமன்றத்துக்கு வந்து, கால வரம்புப் பிரச்சினைக்காகக் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை போனது. கடைசியில் 2016-ல் தடை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. பத்து வருடம்! அந்தப் பத்து வருடமும் கசடு வயலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. வாஷிங்டன் மாநிலத்தில் வாக்கியாக்கம் கவுண்டி 2011-ல் கொண்டுவந்த தடையும் 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் விழுந்தது. பென்சில்வேனியாவில் இன்னும் ஒரு படி மேலே. விவசாயத்தை முறைகேடாகக் கட்டுப்படுத்தும் உள்ளூர்ச் சட்டங்கள் மேல் மாநில அட்டர்னி ஜெனரலே வழக்குப் போட 2005-ல் தனிச் சட்டம் வந்தது. கசடு இறைப்பதும் 'வழக்கமான விவசாய வேலை'தான் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2015-ல் சொல்லிவிட்டதால், நாற்றத்துக்காக அக்கம்பக்கத்தார் போடும் வழக்கும் அங்கே எளிதில் நிற்காது.

தடை நின்ற இடம் ஒன்றும் உண்டு. மெயின் மாநிலம் 2022-ல் நிலத்தில் கசடு போடுவதையே நிறுத்தியது. ஆனால் அங்கே தடை போட்டது மாநிலச் சட்டமன்றம், கவுண்டி இல்லை. பால் பண்ணைகளின் மண்ணிலும் கிணற்றிலும் பாலிலும் பிஃபாஸ் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு எடுத்த முடிவு அது. நியாயமான முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அதற்கு அடுத்த வருடமே குப்பைக் கிடங்கில் கசடை வாங்க முடியாமல், எல்லை தாண்டிக் கனடாவுக்கு லாரியில் அனுப்பும் நிலை வந்தது. கசடு நின்றுபோகும் பொருள் இல்லை. நகரத்தில் தினமும் லட்சம் பேர் கழிப்பறைச் சங்கிலியை இழுக்கிறார்கள், தினமும் அது உற்பத்தியாகிறது. 1988-ல் கடலில் கொட்டுவதைத் தடை செய்த சட்டம் வந்து, 1992-ல் நியூயார்க் கடைசியாக நிறுத்திய பிறகு, அதே கசடு ரயிலேறி டெக்சாஸ் பாலைவனத்துக்குப் போனது. நாற்றத்தை அனுபவிப்பவர் எப்போதும் சங்கிலியை இழுத்தவர் இல்லை. இந்தத் தொழிலில் எனக்கு இன்னும் உறுத்துவது அதுதான்.

சரி, அப்படியானால் கவுண்டி கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதானா? இல்லை. கையெழுத்து வாங்குகிறவர் பார்க்காத இடம் இது.

கசடு இறைப்பதைச் சோதிக்கவும் கண்காணிக்கவும் கவுண்டி தனியாக ஒரு சட்டம் இயற்றலாம் என்று வர்ஜீனியாச் சட்டமே சொல்கிறது. அதற்கென்று ஒரு கண்காணிப்பாளரை வைத்துக்கொள்ளலாம். செலவைக் கவுண்டி வரிப்பணத்திலிருந்து எடுக்கத் தேவையில்லை. கசடு இறைக்கும் நிறுவனங்களிடம் டன் கணக்கில் மாநிலம் வசூலிக்கும் கட்டணத்திலிருந்து திரும்பப் பெறலாம். இதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. இந்தச் சட்டத்தை இயற்றிய கவுண்டிக்கு, விதிமீறலைக் கண்டால் எந்த விதி, எந்தச் செயல் என்று குறிப்பிட்டு, உடனே நிறுத்து என்று உத்தரவு போடும் அதிகாரம் வந்துவிடுகிறது. நிறுவனம் மறுத்தால், டி.இ.க்யூ. இயக்குநர் முடிவு சொல்லும் வரை வேலை நின்றிருக்க வேண்டும். அதாவது தடை போட முடியாத கவுண்டியால் வண்டியை நிறுத்த முடியும். இந்தச் சட்டத்தை இயற்றாத கவுண்டியால் டி.இ.க்யூ.வுக்குப் போன் போட்டுச் சொல்லத்தான் முடியும்.

கண்காணிப்பாளர் என்றால் பெரிய விஞ்ஞானி தேவையில்லை. கையில் அளவு நாடா, வயல் வரைபடம், உரிமத்தின் நகல், மாதிரி எடுக்கும் பாட்டில், அவ்வளவுதான். கிணற்றிலிருந்து 100 அடி, எல்லைக் கோட்டிலிருந்து 100 அடி, உங்கள் வீட்டிலிருந்து 200 அடியோ 400 அடியோ கொடி நட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஓடைப் பக்கம் புல் வரப்பு விட்டிருக்கிறதா, மழை ஈரத்தில் இறைக்கிறார்களா, சாலையில் சிந்தியதைக் கழுவினார்களா என்று பார்க்க வேண்டும். வயலோரத்தில் குவித்த குவியல் எத்தனை நாளாக அங்கேயே கிடக்கிறது என்று தேதி போட்டு எழுத வேண்டும். நான் கண்டவரை புகார்களில் பெரும்பாலானவை இந்த மாதிரி விஷயங்களில்தான் பிறக்கின்றன. அளவு நாடாவோடு ஒருவர் வேலியோரம் நிற்கிறார் என்றால் ஓட்டுநர் வண்டியைத் திருப்பும் விதமே மாறிவிடும்.

ஒரு வயலில் முதன்முதலாகக் கசடு போடுவதற்கு 100 நாள் முன்பே கவுண்டி நிர்வாகிக்கு எழுத்தில் தகவல் போயிருக்க வேண்டும். ஆகவே உங்கள் பக்கத்து வயல் விவரம் கவுண்டி அலுவலகத்தில் ஒரு கோப்பில் தூங்கிக்கொண்டிருக்கும். போய்க் கேளுங்கள், காட்டுவார்கள்.

ஆபத்தா என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரே பதில் கிடையாது, ஏனென்றால் கசடில் நாலைந்து வேறு வேறு சங்கதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் கதையும் வேறு.

உங்கள் பக்கத்தில் வரப்போவது பெரும்பாலும் கிளாஸ் பி என்ற வகை. பிழிந்து எடுத்த நிலையில் ஈரப் புண்ணாக்கு மாதிரி உதிரும், கறுப்பும் சாம்பலுமாக இருக்கும், எடையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். கிருமி முழுவதும் அழிந்திருக்காது, குறைக்கப்பட்டிருக்கும். ஒரு கிராம் உலர் எடையில் இருபது லட்சம் மலக் கோலிபார்ம் வரை 1993-ல் வந்த, கசடுக்கான கூட்டாட்சி விதியான 503-வது பகுதி விதி அனுமதிக்கிறது. கேட்கப் பயமாகத்தான் இருக்கும். மீதியை வெயிலும் மண்ணும் காலமும் பார்த்துக்கொள்ளும் என்பது கணக்கு. அதனால்தான் காத்திருப்புக் காலம் வைத்திருக்கிறார்கள். 30 நாள் வரை புல்லை அறுக்கக் கூடாது, மாடு மேயக் கூடாது, ஆள் நடமாட்டம் கூடாது. தரையைத் தொட்டு விளையும் காய்கறி என்றால் 14 மாதம். மண்ணுக்குள் விளையும் கிழங்கு என்றால், கசடு மேலே எவ்வளவு நாள் வெயில் பட்டுக் கிடந்தது என்பதைப் பொறுத்து 20 மாதம் அல்லது 38 மாதம். இந்த இடைவெளியைக் கடைப்பிடித்தால் கிருமியைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. பையன் பந்து எடுக்க அந்த வயலுக்குள் ஓடக் கூடாது, நாய் போய்ப் புரண்டுவிட்டு வீட்டுக்குள் வரக் கூடாது, அவ்வளவுதான்.

நாற்றம் 'வெறும்' நாற்றம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுண்ணாம்பு கலந்து பதப்படுத்திய கசடு என்றால் முதலில் அம்மோனியா மூக்கில் ஏறும், அப்புறம் அழுகிய மீன் வாடை அடிக்கும். அது டிரைமீதைலமின் என்ற சேர்மத்தின் வாடை. காற்றில்லாத ஈரமான மாலைகளில் தரையோடு தவழ்ந்து வந்து வீட்டுக்குள் உட்கார்ந்துகொள்ளும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இது மூச்சைக் கிளறிவிடலாம். கசடால் பொதுச் சுகாதாரம் கெட்டதாக ஆவணச் சான்று இல்லை என்று 2002-ல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு சொன்னதைத் தொழில்காரர்கள் எல்லா மேடையிலும் சொல்வோம். அதே அறிக்கை, பக்கத்தில் குடியிருப்பவர்களைப் பற்றிப் போதுமான ஆய்வு நடக்கவில்லை, நடத்த வேண்டும் என்றும் சொன்னது. அதை அவ்வளவு சத்தமாகச் சொல்வதில்லை. இறைத்த பிறகு முதல் சில நாட்கள் ஜன்னலை மூடி வையுங்கள், பையனின் இன்ஹேலர் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். முடிந்தால் அந்த வார இறுதியை உறவினர் வீட்டில் கழியுங்கள். எந்தத் தேதி என்று நிறுவனத்திடம் கேட்டால் சொல்வார்கள்.

கன உலோகங்களில் ஆர்செனிக், காட்மியம், ஈயம், பாதரசம் என்று ஒன்பதுக்கு வரம்பு இருக்கிறது. பல வருடங்களாக அளந்து பார்த்த விஷயம் இது. இன்றைக்குச் சாதாரண நகரக் கசடு அந்த வரம்புக்கு வெகு கீழே இருக்கும். இங்கே நேரத்தைச் செலவிட வேண்டாம்.

கிணற்றைப் பொறுத்தவரை நைட்ரஜன்தான் பழைய எதிரி. பயிருக்குத் தேவையான அளவுக்கு மேல் போட்டால் மிச்சம் நைட்ரேட்டாக மாறித் தண்ணீரோடு இறங்கும். குடிநீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட் நைட்ரஜன்தான் வரம்பு. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்குத்தான் இது பெரிய அபாயம். ஆகவே அந்த வயலுக்கான சத்து மேலாண்மைத் திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வர்ஜீனியாவில் அது கட்டாயம். அதில் ஏக்கருக்கு எவ்வளவு என்று இருக்கும். அங்கே ஏற்கெனவே கோழி எரு போடுகிறார்களா என்பதையும் பாருங்கள். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடாத திட்டம் காகிதம்தான். நைட்ரஜன் கணக்கு சரியாக இருந்தாலும் பாஸ்பரஸ் தேவைக்கு மேல் சேர்ந்துகொண்டே போகும். செசபீக் விரிகுடாவுக்கு வடியும் நிலமாக இருந்தால் அதுவும் பெரிய விஷயம்.

இப்போது பிஃபாஸ். ஒட்டாத வாணலி, தண்ணீர் ஒட்டாத துணி, தீயணைப்பு நுரை, மின்முலாம் பூசும் பட்டறை என்று எல்லா இடத்திலிருந்தும் சாக்கடைக்கு வருகிறது. மக்காது. சுத்திகரிப்பு நிலையம் அதை உண்டாக்குவதும் இல்லை, அழிப்பதும் இல்லை. வந்ததில் ஒரு பங்கு தண்ணீரோடு ஆற்றுக்குப் போகும், ஒரு பங்கு கசடில் தங்கும். 503-வது பகுதி விதியில் இதற்கு ஒரு வரம்பும் கிடையாது. கசடில் கண்டறியப்பட்ட 352 வேதிப்பொருட்கள் பாதுகாப்பானவையா என்று சொல்லப் போதிய தகவல் கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இ.பி.ஏ.விடம் இல்லை என்று அந்த அமைப்பின் தணிக்கை அதிகாரியே 2018-ல் எழுதினார். 2025 ஜனவரியில் இ.பி.ஏ. ஒரு வரைவு மதிப்பீட்டை வெளியிட்டது. கசடில் பிஃபாஸ் குடும்பத்தைச் சேர்ந்த பிஃபோவா அல்லது பிஃபோஸ் 1 பிபிபி, அதாவது நூறு கோடியில் ஒரு பங்கு, இருந்தாலே சில சூழ்நிலைகளில் ஏற்கத்தக்க அளவைத் தாண்டலாம் என்றது. யாருக்கு என்பதைக் கவனியுங்கள். அப்படிப்பட்ட நிலத்திலோ அதன் பக்கத்திலோ நெடுங்காலம் வாழ்ந்து, அங்கே விளைந்ததையும் கறந்ததையும் முக்கிய உணவாகச் சாப்பிட்டு, அந்த நிலத்துக் கிணற்று நீரைக் குடிப்பவர்களுக்கு. கடையில் பொதுவாகக் கிடைக்கும் உணவைப் பற்றிய கணக்கு இல்லை அது. உங்கள் குடும்பம் அந்த வயலில் விளைந்ததைச் சாப்பிடுவதில்லை, ஆனால் கிணறு பக்கத்தில் இருக்கிறது. அதனால்தான் கிணற்றுச் சோதனையை முதலிலேயே சொன்னேன். குடிநீரில் பிஃபோவா, பிஃபோஸ் ஒவ்வொன்றுக்கும் வரம்பு 4 பிபிடி, அதாவது லட்சம் கோடியில் நாலு பங்கு. ஒரு தடவை இறைத்ததால் கிணறு கெட்டுவிடும் என்று நான் சொல்லவில்லை. பல வருடம் பல தடவை இறைத்த பழைய வயல் என்றால் இன்று போட்டு நாளை பார்ப்பதில் அர்த்தமில்லை, ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். பெரியவரைக் கேளுங்கள், எத்தனை வருடமாகப் போடுகிறார் என்று. கோபமாகக் கேட்காதீர்கள். ரசாயன உரம் விற்கிற விலைக்கு, இலவசமாக வரும் உரத்தை வேண்டாம் என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார். பிஃபாஸ் அவர் மண்ணில் சேர்ந்தால் முதலில் நஷ்டப்படுபவரும் அவர்தான்.

இதற்கு மருந்து வயலில் இல்லை, குழாயின் மறு முனையில் இருக்கிறது. மிச்சிகன் மாநிலம் செய்ததைப் பாருங்கள். பல ஊர்களின் கசடை அளந்தார்கள். பிஃபோஸ் எங்கே மிக அதிகம் என்று பார்த்து, சாக்கடையைப் பின்தொடர்ந்து மேலே போனால் பல ஊர்களில் ஒரு மின்முலாம் பட்டறை வாசலில் போய் நின்றது. பட்டறைக் கழிவை அங்கேயே வடிகட்ட வைத்ததும் நிலையத்துக்கு வரும் அளவு மளமளவென்று இறங்கியது. வரம்புக்கு மேல் போன கசடை வயலுக்கு அனுப்பக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். அந்த வரம்பை 150 பிபிபி-யில் ஆரம்பித்துப் படிப்படியாக 100-க்குக் கொண்டுவந்தார்கள். சாக்கடையில் எந்தத் தொழிற்சாலை எவ்வளவு விடலாம் என்று உள்ளூர் வரம்பு வைக்கும் அதிகாரம் கழிவுநீர் அமைப்புகளுக்கு எப்போதோ கொடுக்கப்பட்டுவிட்டது. கசடு இறைக்கத் தடை கேட்டு வழக்கு நடத்தும் ஊர்களில், தங்கள் சொந்தச் சாக்கடைக்கு அந்த வரம்பை வைத்த ஊர்கள் எத்தனை என்று கேட்டால் பதில் சங்கடமாக இருக்கும்.

ஆகவே உங்கள் மூன்று நிமிடம். தடை வேண்டும் என்று கேட்காதீர்கள். முடியாது என்று கவுண்டி வக்கீல் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார், உங்கள் பேச்சும் அதோடு போச்சு. 'ஆஸ்துமா உள்ள பிள்ளையின் தாய் நான், என் வீடு அந்த வயலிலிருந்து இத்தனை அடி' என்று ஆரம்பியுங்கள். சோதனை, கண்காணிப்புச் சட்டம் நம் கவுண்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் கண்காணிப்பாளர் யார், கடைசியாக எப்போது வயலுக்குப் போனார் என்று கேளுங்கள். இல்லையென்றால் எப்போது கொண்டுவருவீர்கள் என்று கேளுங்கள். செலவு மாநில நிதியிலிருந்து திரும்ப வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், உறுப்பினர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அப்புறம் நிறுவனத்தின் பிரதிநிதி அங்கே இருப்பார், அவரைப் பார்த்து: எந்தெந்த நிலையத்துக் கசடு வருகிறது, அந்த நிலையம் குப்பைக் கிடங்கின் கசிவுநீரை வாங்குகிறதா, அந்தக் கசடில் பிஃபாஸ் அளந்த முடிவைக் கவுண்டி இணையதளத்தில் போடுவீர்களா. கசிவுநீர் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். பிஃபாஸ் நிறைய வரும் வழிகளில் அது ஒன்று, பொதுமக்கள் யாரும் கேட்பதில்லை. நேரம் மிச்சமிருந்தால், நம் கவுண்டியின் சொந்தச் சுத்திகரிப்பு நிலையம் கசிவுநீர் வாங்குகிறதா என்றும் கேட்டுவிட்டு உட்காருங்கள்.

கையெழுத்து வாங்குகிறவரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். அவர் திரட்டிய கூட்டம் நல்ல கூட்டம், மனுவில் கேட்பதை மட்டும் மாற்றினால் போதும். மாநில அளவில் பிஃபாஸ் வரம்பு வேண்டும் என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு அதே கையெழுத்துகளோடு ஒரு மனு போனால், அது போக வேண்டிய இடத்துக்குப் போன மனு.

கடைசியாக, மூட்டை உரம். ஆமாம், விற்கிறார்கள். மில்வாக்கி நகரம் 1926 முதல் தன் கசடைக் காயவைத்துக் குருணையாக்கி மூட்டை போட்டு விற்கிறது. வாஷிங்டன் டி.சி.யின் புளூ பிளெயின்ஸ் நிலையம் சுண்ணாம்புக் கசடை உங்கள் பக்கத்துப் பண்ணைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 2015-ல் உயரழுத்த நீராவியில் வேகவைக்கும் முறைக்கு மாறிய பிறகு அளவு பாதிக்கும் கீழே குறைந்தது, வாடையும் பெருமளவு போனது. இவையெல்லாம் கிளாஸ் ஏ. கிருமி கிட்டத்தட்ட இல்லாத நிலை, யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் போடலாம் என்று சட்டம் விட்டுவிடுகிறது. ஆனால் வேகவைத்தால் கிருமிதான் சாகும், பிஃபாஸ் போகாது. புல்வெளிக்கும் பூச்செடிக்கும் தாராளமாகப் போடுங்கள். கீரைப் பாத்திக்கும் முள்ளங்கிக்கும் நான் போடமாட்டேன், அதற்கு வீட்டுச் சமையல் கழிவை மக்கவைத்தாலே போதும். முருங்கை, கறிவேப்பிலையைத் தொட்டியில் வைத்துக் குளிர்காலத்தில் உள்ளே எடுப்பவராக இருந்தால், அந்தத் தொட்டிகளுக்கும் வேண்டாம். ஈரம் பட்டால் கொஞ்சம் வாடை வரும், வீட்டுக்குள் ஆஸ்துமாக்காரப் பையன் இருக்கிறான்.